பற்றுக் கணக்கும் பரக்கத்தும்: மளிகைச் செலவின் வரலாறு தரும் பாடம்



மாதக் கடைசியில் மளிகைக் கடையின் பற்றுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொள்வது நம் மஹல்லாக்களில் அரிய காட்சி அன்று. வருமானம் போதவில்லை என்பார் ஒருவர். செலவு கைமீறுகிறது என்பார் மற்றவர். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். எனினும் இருவரும் கவனிக்கத் தவறும் மூன்றாவது உண்மை ஒன்று உண்டு. ஒரே அரிசிக்கும் ஒரே பருப்புக்கும், கையில் பணமுள்ள வீட்டைவிடப் பணமில்லாத வீடே அதிக விலை கொடுக்கிறது. பணமுள்ளவர் விலை மலிந்த பருவத்தில் மூட்டையாக வாங்குகிறார். இல்லாதவர் அன்றன்றைக்கு நூறு கிராமாகவும், பெரும்பாலும் கடனாகவும் வாங்குகிறார். ஆண்டு முடிவில் இவ்விரு வீடுகளுக்கும் இடையே விழும் இடைவெளி சிறிதன்று.

இந்த அநீதி இன்று தோன்றியதும் அன்று. அதற்கு மருந்து தேடியவர்கள் நாம் முதலானவர்களும் அல்லர். மதீனாவின் அங்காடி முதல் திருவல்லிக்கேணியின் கூட்டுறவுக் கடை வரை, மக்கள் கண்ட வழிகளைத் தொகுத்துப் பார்த்தால் நம் வீட்டுக் கணக்குக்கு வேண்டிய பாடம் கிடைக்கும்.

மதீனாவில் அளவை

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளோர் அளவையில் மிகவும் மோசமாக நடந்துகொண்டிருந்தனர் என்றும், அளவில் குறைப்போரை எச்சரிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் இறங்கிய பின்னர் அவர்கள் திருந்தினர் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக அறிவிக்கப்பட்டுள்ளது. அண்ணலார் தாமே அங்காடிக்குச் சென்றார்கள். ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள். ஆனால் விலைவாசி உயர்ந்தபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டியதை அவர்கள் ஏற்கவில்லை. அளவும் தரமும் கண்காணிக்கப்பட்டன. பொருளைப் பதுக்கி விலையேற்றுவது தடுக்கப்பட்டது. ஊருக்குள் வரும் சரக்கை வழியிலேயே மறித்து வாங்கி இடையில் லாபம் பார்ப்பதும் தடுக்கப்பட்டது.

வீட்டுக்குள்ளும் அளவை இருந்தது. உணவுப் பொருளை அளந்து கையாண்டால் அதில் பரக்கத் உண்டாகும் என்னும் கருத்தில் ஸஹீஹுல் புகாரியில் ஒரு நபிமொழி உண்டு. பனூ நளீர் தோட்டங்களின் விளைச்சலிலிருந்து ஓராண்டுக்கான உணவை நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்காக ஒதுக்கி வைத்ததாக உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பும் அதே நூலில் உள்ளது. அவ்வாறு ஒதுக்கியதும் ஆண்டு முடியுமுன் வறியவர்க்கும் விருந்தினர்க்கும் சென்று தீர்ந்தது என அறிஞர்கள் விளக்குகின்றனர். ஆக, குடும்பத்துக்காக முன்கூட்டியே சேமித்து வைப்பது தவக்குலுக்கு முரணானதன்று. பிறர் தேவையில் லாபம் காண்பதற்காக முடக்கி வைப்பதுதான் தடுக்கப்பட்ட பதுக்கல்.

சாரலுக்கு முன் நிறைந்த குதிர்

இதே அறிவை நம் தென்காசிச் சீமையின் குடும்பங்கள் பருவத்தோடு இணைத்து வைத்திருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து, ஆனி முதல் ஆவணி வரை குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாகப் பொழிகிறது. வெளியூரார்க்கு அது அருவியில் நீராடும் பருவம். உள்ளூர்க் குடும்பத் தலைவிக்கோ மிளகாய் வற்றல் நமுத்து, புளி பிசுபிசுத்து, பருப்பில் வண்டு விழும் பருவம். ஆகவே, வாங்க வேண்டியவற்றை வாங்கி, பங்குனி சித்திரை வெயிலில் காயவைத்து, சாரலுக்கு முன் பானைகளிலும் குதிரிலும் அடைத்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது.

இயற்கையும் அதற்கு இசைந்திருந்தது. நெல்லைப் பகுதியில் நெல்லுக்குக் கார், பிசானம் என இரண்டு பருவங்கள் உண்டு. ஐப்பசியில் தொடங்கும் பிசானம் மாசி, பங்குனியில் அறுவடையாகும். அப்போதுதான் களத்தில் நெல் மலிந்திருக்கும். கரிசல் காட்டு மல்லியும் உளுந்தும் வற்றலும் புளியும் ஏறக்குறைய அதே மாதங்களில் சந்தைக்கு வந்துவிடும். கருப்பட்டிப் பருவமும் கோடையில் தொடங்கும். பொருள் மலிந்திருக்கும் காலமும், வெயிலில் காயவைக்க ஏற்ற காலமும் ஒன்றாக அமைந்தன. நெல்லோடு நொச்சியிலையும் வேப்பிலையும் கலந்து வைத்தார்கள். பூச்சி அண்டாமல் அடுத்த பிசானம் வரை நெல் கெடாமல் இருந்தது. யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைக் கதிரோடு வைத்துக் காக்கச் சொன்ன வரலாற்றை ஓதும் நமக்கு, உமியோடு நெல்லைக் குதிரில் வைத்த நம் பாட்டிமார்களின் அறிவு அந்நியமானதன்று.

ஆனால் இவ்வழக்கம் எல்லா வீட்டுக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிலமோ மொத்தப் பணமோ உள்ளவருக்கே ஆண்டுச் சாமான் கைகூடியது. வாரக் கூலியை நம்பிய தறிக்காரரும், பிற்காலத்தில் பீடி சுற்றி வாரச் சம்பளம் பெற்ற நம் பெண்களும் உழக்கும் ஆழாக்குமாகவே வாங்கினார்கள்.

உழக்கிலும் பலத்திலும் ஏமாற்றம்

சிறிதாக வாங்குவோரே அளவையில் அதிகம் ஏமாறினர். அன்றைய கணக்குப்படி 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். நெல்லைச் சீமையில் 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை எனப்பட்டது. எடைக்குப் பலமும் வீசையும்; 40 பலம் ஒரு வீசை, ஏறக்குறைய 1.4 கிலோ. கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. குவித்து அளந்து வாங்கித் தலைதட்டி அளந்து விற்பதற்கும் இடம் இருந்தது. மூட்டைக் கணக்கில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இழப்பு, ஆழாக்குக் கணக்கில் வாங்குபவருக்குத் தினமும் ஒரு கைப்பிடி இழப்பாயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் 1956-இல் எடை அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. 1958 முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக அறிமுகமாகி, 1962-க்குள் நாடெங்கும் கட்டாயமாயின. பொதுமக்களின் பணத்தைக் காத்த சீர்திருத்தங்களில் இது மிகப் பெரியது. இன்றும் கடைத் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். பொட்டலத்தில் எடையும் அதிகபட்ச விலையும் இருக்க வேண்டும். ஒரு கிராம் அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற விதியும் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளது. இந்தச் சிறு வரியைப் படிக்கும் பழக்கம் ஒன்றே பல வீடுகளில் மாதச் செலவைக் குறைக்கும். ஏனெனில் சிறு பொட்டலத்தில் நாம் பொருளோடு பிளாஸ்டிக் உறைக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம்.

கடனில் வாங்கும் விலை

அளவு சரியான பின்னும் கடன் என்னும் சுமை இருந்தது. கடனுக்கு உணவு வாங்குவது பாவமன்று. நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. பிந்திக் கொடுப்பதற்காகச் சற்றுக் கூடுதல் விலையை முதலிலேயே பேசி உறுதி செய்துகொண்டால் கூடும் என்பதே பெரும்பான்மை மார்க்க அறிஞர்களின் கருத்து. ஆயினும் கூடும் என்பது வேறு, கட்டுபடியாகும் என்பது வேறு. தொழுகையில் கடன் சுமையிலிருந்து பாதுகாவல் தேடியவர்களும் அதே அண்ணலார்தாம்.

பற்றுக் கணக்கு எவ்வாறு விலையை ஏற்றுகிறது? கடைக்காரரின் முதல் பல வீடுகளில் முடங்குகிறது. அவரும் மொத்த வியாபாரியிடம் கடனுக்கே எடுக்க நேர்கிறது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி அவருக்குக் கிடைப்பதில்லை. திரும்பி வராத கடனையும் அவர் எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். இவையனைத்தும் விலையில் வந்து சேர்கின்றன. இதைவிடப் பெரிய இழப்பு, பற்று வைத்தவர் பேசும் உரிமையை இழப்பதுதான். அரிசியில் கல் இருந்தாலும், எண்ணெயில் வாடை அடித்தாலும், பாக்கி இருக்கும்போது கேட்க வாய் வராது. வேறு கடைக்குப் போகவும் முடியாது. கடைக்காரர் நல்லவராக இருந்தாலும் நிலைமை இதுதான்.

இதற்கு விடை கண்டவர்கள் இங்கிலாந்தின் ரோச்டேல் என்னும் ஆலை நகரத்துத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். 28 பேர் வாரந்தோறும் சில பென்ஸ் சேர்த்து 28 பவுன் முதல் திரட்டி, 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்ற தெருவில் ஒரு சிறு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே தொடக்கச் சரக்கு. கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க வியாபாரம், வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தில் பங்கு என்பன அவர்களின் விதிகள். விலையை வெட்டி விற்று அவர்கள் வெல்லவில்லை. சந்தை விலைக்கே விற்று, எஞ்சிய லாபத்தை வாங்கியவர்களுக்கே திருப்பித் தந்தார்கள். பற்றுச் சீட்டு இருந்த வீட்டில் சேமிப்புக் கணக்கு தோன்றியது.

1904: ஆசிரியர்கள் தொடங்கிய கடை

அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்த விதை தமிழகத்தில் முளைத்தது. 1904-இல் இந்திய அரசு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில், வாலாஜா பெரிய பள்ளிவாசல் அமைந்த திருவல்லிக்கேணியில், திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் நுகர்வோர் கூட்டுறவாக அது போற்றப்படுகிறது. அதன் முன்னோடிகளில் ஒருவர், அப்போது அங்கே உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பெரும் செல்வந்தர்களின் அறக்கொடையாக அது தோன்றவில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய நடுத்தர மக்கள் தங்கள் மளிகையைத் தாங்களே கூடி வாங்கியதால் தோன்றியது. டி.யு.சி.எஸ். என்ற பெயரில் அச்சங்கம் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது.

அதே 1904-இல்தான் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஆரியங்காவுக் கணவாயில் மாட்டு வண்டிகளும் பொதி மாடுகளும் சுமந்த சரக்கு ரயிலில் ஏறியது. அதன் பயன் இருபுறமும் வெட்டும் கத்தி போன்றது. இங்கே பொருள் குறைந்தால் வெளியிலிருந்து வரும். வெளியே விலை கூடினால் இங்குள்ள பொருளும் மலையேறிப் போய்விடும். இன்றும் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் இதைக் காணலாம். சுற்றுவட்டாரத்தில் விளையும் வெண்டையும் கத்தரியும் தக்காளியும் புளியரை வழியாகக் கேரளம் செல்கின்றன. ஓணம் நெருங்கும்போது விலை ஏறும். அந்த நாட்களில் அதிகம் தேவைப்படாத காய்களைத் தேர்ந்து வாங்கும் குடும்பம், சந்தையின் போக்கை அறிந்து வாழும் குடும்பம்.

போரும் ரேஷனும்

கூடி வாங்கும் முறையை அரசே கையில் எடுக்கும் நிலையைப் போர் உருவாக்கியது. சென்னை மாகாணம் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வரத்து நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. கடல் கடந்து பிழைத்தவர்களின் பணத்தை எதிர்பார்த்திருந்த தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்களுக்கு இது இரட்டை அடி. 1943-இல் சென்னையில் பங்கீட்டு முறை வந்தது. 1952-இல் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பின்னர் 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் பருப்பையும் பாமாயிலையும் ரேஷன் கடைக்குக் கொண்டுவந்தது. 2011 ஜூன் 1 முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன.

ரேஷன் கடையில் வாங்குவதைக் கௌரவக் குறைவாக எண்ணும் போக்கு நம்மில் சிலரிடம் உண்டு. இரண்டு தலைமுறைகளின் பசியிலிருந்து கிடைத்த ஏற்பாடு அது. தகுதியுள்ளவர் தமக்கு வேண்டியதை வாங்கிப் பயன்படுத்துவதில் இழிவு இல்லை. வாங்கி வெளியே விற்பதுதான் இழிவு.

சிங்கப்பூரில் நம்மவர் கண்டது

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் திரளாக வாழ்ந்தன. நம் பெண்கள் அங்கே மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே தோன்றியது. போருக்குப் பின் 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியையும் அச்சங்கம் தொடங்கியது. கூடிச் செயல்படுவது நம்மவர்க்குப் புதிதன்று என்பதற்கு அப்பள்ளியே சான்று.

அந்த நாட்டில் 1973-இல் விலைவாசி கடுமையாக ஏறியபோது, தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு தோ பாயோவில் என்.டி.யு.சி. வெல்கம் என்ற கூட்டுறவுப் பேரங்காடியைத் திறந்தது. 1983-இல் மற்றொரு தொழிற்சங்கக் கூட்டுறவோடு இணைந்து அதுவே ஃபேர்பிரைஸ் ஆயிற்று. ஊருக்கு வரும்போது நம் உறவினர்கள் அதன் பையில் சாமான் கொண்டு வருவதைப் பலரும் பார்த்திருப்போம். அந்தப் பைக்குப் பின்னால் இருப்பதும் ரோச்டேல் நெசவாளர்களின் அதே எண்ணந்தான்.

இன்று நம் வீட்டில்

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மிக எளியது. முதலில் பற்றுக் கணக்கை அடைக்க வேண்டும். ஒரே நாளில் இயலாதெனில், மாதம் ஒரு பொருளையேனும் ரொக்கத்துக்கு மாற்றலாம். இம்மாதம் அரிசி, அடுத்த மாதம் எண்ணெய் என ஆறேழு மாதங்களில் பாக்கி கரைந்துவிடும். கடைக்காரரும் நம் சகோதரரே; அவருக்கும் அதனால் முதல் திரும்பும். சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்லும் மார்க்கம், வசதி இருந்தும் இழுத்தடிப்பதை அநீதி என்கிறது.

அடுத்து, மொத்தமாக வாங்க இயலாத குடும்பங்கள் கூடி வாங்கலாம். ஒரு தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்தால் ஒரு மூட்டைப் பருப்பும், 15 கிலோ எண்ணெய் டின்னும், பருவத்தில் மிளகாயும் புளியும் மொத்த விலைக்குக் கிடைக்கும். சட்டத்தின் நுணுக்கத்தையும் அறிந்திருப்பது நல்லது. 2022 ஜூலை 18 அன்று, 25 கிலோ வரை அடைத்து விற்கும் அரிசிச் சிப்பத்துக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. உடனே 26 கிலோ சிப்பங்கள் சந்தைக்கு வந்தன. ஒரு கிலோ கூடுதலில் வரி விலகியது.

கூடி வாங்கும்போது கணக்கை எழுதி வைக்க வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான் என்பதை நாம் அறிவோம். வாங்கி வருபவர் பெற்ற தள்ளுபடியை மறைக்கக் கூடாது. பங்கு பிரிக்கும்போது எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துப் பிரிக்க வேண்டும். இவ்விரண்டிலும் தவறினால் மிச்சமான பணத்தைவிட முறிந்த உறவு பெரிதாகிவிடும்.

மூன்றாவதாக, சமையலறையில் அளவை வேண்டும். அளந்து உலையிடும் வீட்டில் சோறு மிஞ்சிக் கொட்டப்படுவதில்லை. நம் ஊர்களில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேளை உலைக்கும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். அது மதரஸாவுக்கோ ஏழைக்கோ போகும். ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டால், நாளுக்கு இரு வேளையில் 80 கிராம். மாதத்தில் 2 கிலோ 400 கிராம். அந்த வீட்டார் எவரும் அதனால் பசித்திருக்கவில்லை. அளந்து எடுத்ததால்தான் அந்த ஒரு பிடி அவர்கள் கண்ணுக்குத் தென்பட்டது.

சிக்கனம் என்பது பிள்ளைகளின் தட்டைக் குறைப்பதன்று. அளவும் பருவமும் ரொக்கமும் கூட்டும் சேர்ந்தால், கடைக்குப் போகும் பணம் குறைந்து தட்டுக்கு வரும் உணவு கூடும். கஞ்சத்தனமும் வீண்விரயமும் அற்ற நடுநிலையை மார்க்கம் நமக்குக் காட்டியுள்ளது. அந்த நடுநிலையை எட்டும் வழிகளைத்தான் அங்காடியிலும் குதிரிலும் கூட்டுறவுக் கடையிலும் முன்னோர் தேடினார்கள்.

அல்லாஹ் நம் ரிஜ்க்கில் பரக்கத் செய்து, கடனின் சுமையிலிருந்து நம் குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன்.